என் காசுக்கு நான் போடும் மார்க்

பிறத்தியார் காசில் இருக்கும் கீறல் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அதே காசை விலை பேசி வாங்கி என் ஆல்பத்தில் செருகிய பிறகு, அந்தக் கீறல் மெதுவாக ‘இயல்பான தேய்மானம்’ ஆகிவிடும். பழைய நாணயம் சேர்க்கிற பலருக்கும் இந்தக் கண்கோளாறு உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. கீறல் பார்ப்பதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம்.

வாலாஜாபாத்தில் வீடு, ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரச் சோதனை வேலை. பஃபிங் முடிந்து வருகிற பாகத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். மேஜையோரம் ‘லிமிட் சாம்பிள்’ இருக்கும். இந்த அளவு கீறல் வரை போகலாம், இதைத் தாண்டினால் கூடாது என்று பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு வைத்த மாதிரித் துண்டு அது. சந்தேகம் வந்தால் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு: மிஷினில் அந்தப் பாகத்தைச் செய்த ஆளே அதற்குக் கடைசி ஓகே போட முடியாது. அவர் ஏமாற்றுவார் என்று யாரும் நினைப்பதில்லை. தான் செய்ததில் குறை தன் கண்ணில் லேசில் படாது, அவ்வளவுதான். காசு விஷயத்தில் தேடுகிறவன், விலை பேசுகிறவன், பணம் கொடுக்கிறவன், தரம் சொல்கிறவன் எல்லாம் நான் ஒருவனே. ஷிப்ட்டில் ஒத்துக்கொள்ளாத ஏற்பாட்டை வீட்டு பீரோவில் பல வருஷம் நடத்திவந்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்குப் பெயரே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவால் வந்தது. ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை முகாம் போட்டிருந்த இடம். அதனால், “உங்க ஊர் நவாப் காசு இருக்கா?” என்று சேகரிப்பாளர்கள் கேட்பார்கள். சின்னச் சின்னச் செப்புக் காசுகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றுக்கு கிரேடு சொல்ல நான் துணிவதில்லை. கையால் அடித்த காசுகள். அச்சு பெரிது, செப்புத் துண்டு சிறிது. எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போயிருக்கும். எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட எவ்வளவு எழுத்து காசின் மேல் விழுந்தது என்பதே அங்கே முதல் கேள்வி. ஒருநாள்கூடப் புழங்காத காசே அரைகுறையாகப் பிறந்திருக்கலாம். மிஷினில் அடித்த காசுக்கு வைத்திருக்கும் அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

என் பலவீனம் வெள்ளி ரூபாய். 1835-ல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே மாதிரி ரூபாய் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. நான்காம் வில்லியம், விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும் எடையும் வெள்ளியும் மாறவில்லை. 1940-ல்தான் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். கொஞ்சமாகக் கிடைக்கும் 1939 ரூபாய்க்கு அதனால் பெரிய கிராக்கி. போலியும் அதில்தான் ஏராளம்.

எங்கள் பக்கத்தில் இந்த ரூபாய்கள் பெரும்பாலும் பூஜை அறையிலிருந்து வருகின்றன. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்த காசுகள். விக்டோரியா ராணியின் காதோரப் பள்ளத்திலும் ஆண்டு எண்ணின் இடுக்கிலும் சிவப்பாக ஏதோ கெட்டிப்பட்டிருக்கும். ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் அந்த அம்மா டப்பாவைத் திறந்ததும், “இருங்க தம்பி, விபூதி போட்டுத் தேய்ச்சுக் குடுக்கறேன், பளபளன்னு ஆயிடும்” என்று எழுந்தார். “அம்மா, அம்மா, அப்படியே குடுங்க” என்று நான் பதறியதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. அழுக்குக் காசுக்கு இந்தப் பிள்ளை ஏன் கூடுதலாகக் கொடுக்கிறது என்று நிச்சயம் நினைத்திருப்பார். குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் நாள் கிழமைக்குத் தேய்க்காமல் வைத்தால் அது பொறுப்பில்லாத வீடு. அந்த வீட்டில் காசை மட்டும் தொடாதே என்றால் யார் கேட்பார்கள்? நம்மூரில் நல்ல நிலையில் ரூபாய் அரிதாகக் கிடைப்பதற்கு நாணயப் புழக்கத்தோடு இந்தச் சுத்தமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. செப்புக் காசு பாடு இன்னும் மோசம். புளி போட்டுத் தேய்த்ததும் ரோஸ் கலந்த ஆரஞ்சாக ஒரு நிறம் வரும். இயற்கையாகப் பழுத்த செம்பு அந்த நிறத்தில் இருக்காது.

தேய்த்த வெள்ளியைக் கண்டுபிடிப்பது எனக்குச் சுலபம். அது தொழில் கொடுத்த வரம். அச்சு வந்து அமுக்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நுண்ணிய கோடுகள் புதுக் காசின் பரப்பில் தங்கிவிடும். ஒற்றை பல்பின் கீழ் காசைச் சாய்த்து மெல்லச் சுழற்றினால் ஒரு வெளிச்சப் பட்டை கடிகார முள் மாதிரி காசைச் சுற்றி வரும். சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்று சொல்வது இதைத்தான். டியூப் லைட்டில் இது சரியாகத் தெரியாது. பல கடைகளில் டியூப் லைட்தான் எரிகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். விபூதியோ பவுடரோ போட்டுத் தேய்த்தால் அந்த ஓட்டக் கோடுகள் போய், தேய்த்த கை போன போக்கில் மயிரிழைக் கீறல்கள் விழும். காசு பளபளக்கும்; வெளிச்சப் பட்டை சுழலாது, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் அடித்துக்கொண்டு நிற்கும். ரசாயனத்தில் முக்கி எடுத்த காசில் கீறல்கூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு முக்கலும் மேலே ஒரு படலம் வெள்ளியைத் தின்றுவிடுவதால், வெளுத்துப்போய் உயிரில்லாமல் கிடக்கும்.

தேய்மானத்தை அளக்க மேடான இடங்களைப் பார்க்க வேண்டும். விக்டோரியாவுக்குப் புருவத்துக்கு மேலுள்ள முடி, கிரீடத்தின் மணிகள், மேலாடையின் பூவேலை. ஜார்ஜுக்குப் புருவமும் மீசையும் கிரீடமும். எட்வர்டின் தலையில் கிரீடம் கிடையாது; காதும் நெற்றிப்பொட்டும் சீக்கிரம் வழுவழுத்துவிடும். இதில் ஒரு சிக்கல்: அச்சு சரியாக அழுத்தாவிட்டாலும் அந்த இடம் மொழுக்கென்றுதான் இருக்கும். மொழுக்கான இடத்திலும் லஸ்டர் ஓடினால் அது பிறவிக் குறை. சாம்பல் பூத்து மங்கியிருந்தால் புழங்கிய தேய்மானம். எனக்குப் பிடித்த காசு என்றால் எல்லா மொழுக்கும் பிறவிக் குறையாகவே தெரியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்துக்கு வருகிறேன். டோனிங் என்பது வெள்ளியின் மேல் கந்தகம் படிந்து உண்டாகும் மெல்லிய வெள்ளி சல்பைடு படலம். படலம் தடிக்கத் தடிக்க வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும் விதம் மாறி, நிறமும் மாறுகிறது. முதலில் வெளிர் பொன்மஞ்சள், பிறகு செம்பழுப்பு, கத்தரிப்பூ நிறம், நீலம், கடைசியில் கறுப்பு. பழைய காகித உறையிலோ மரப்பெட்டியிலோ பல வருஷம் கிடந்த காசில் இந்த வரிசை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒழுங்காக இறங்கும். எழுத்துகளின் ஓரத்தை ஒட்டி மட்டும் நிறம் கொஞ்சம் விலகி நிற்கும்.

பொய் நிறம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள நானே செய்து பார்த்தேன். தேய்ந்துபோன ஒரு 1918 ரூபாய். அந்த ஆண்டு ரூபாய் மலிவு. முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கா சட்டம் போட்டு 25 கோடிக்கும் மேற்பட்ட தன் டாலர் நாணயங்களை உருக்கி, இந்தியாவுக்காக பிரிட்டனிடம் விற்றது. அந்தக் காலத்து நம் ரூபாய்களில் அமெரிக்க வெள்ளியும் கலந்திருக்கிறது. நான் எடுத்த காசு வீட்டில் யாரோ எப்போதோ தேய்த்தது. முகம் முழுக்க மயிரிழைக் கீறல். எவர்சில்வர் டப்பாவில், அப்போதுதான் வெந்த முட்டையை இரண்டாகப் பிளந்து, காசின் மேல் படாமல் பக்கத்தில் வைத்து இறுக மூடினேன். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மஞ்சள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊதா. அப்புறம் மயில் கழுத்து நீலம். வீட்டில், “முட்டை நாத்தம் குடலைப் புடுங்குது, இதெல்லாம் ஒரு பொழைப்பா?” என்ற கேள்வி வந்தது. லென்ஸில் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நிறம் கீறல்களுக்குள்ளும் ஒரே சீராக இறங்கியிருந்தது. அதாவது கீறல் முந்தி, நிறம் பிந்தி. நூறு வருஷத்துப் படலம் என்றால் பின்னால் விழுந்த கீறல் அந்தப் படலத்தை அறுத்துக்கொண்டு வெள்ளையாகத் தெரிய வேண்டும். நிறங்களுக்கு நடுவே படிப்படியான இறக்கமும் இல்லை.

ஆனாலும் அந்த முட்டைக் காசு என் தட்டிலேயே அழகானது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். ஒருவர் விலை கேட்டார், நல்ல விலை. எப்படிச் செய்தேன் என்று சொன்னதும் சூடான தோசைக்கல்லைத் தொட்டவராகக் கீழே வைத்துவிட்டார். அழகு அப்படியேதான் இருந்தது. அவருடைய ஆசைதான் போய்விட்டது. அவரைப் பார்த்தபோது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் காசில் தேடுவது அழகையா, தொடப்படாமல் இருந்த வரலாற்றையா, இல்லை இன்னொருவர் ஆசைப்படப்போகிற ஒரு பொருளையா என்பதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று. பழைய காசு பார்க்கிறவன் என்று தெரிந்தால் போதும், ‘ரைஸ் புல்லிங்’ காசோடு யாராவது வந்துவிடுவார்கள். அனுமார் படம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று பொறித்த செப்பு வில்லை; அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. சொன்னால் நான் மறைத்து வாங்கப் பார்க்கிறேன் என்று சந்தேகப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் புத்தியை எனக்கும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால்தான் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் பிளேட்டிங் பிரிவுக்காரர். அவரும் காசு சேர்க்கிறார். ஏற்பாடு எளிமையானது. யார் காசு என்று சொல்லாமல் இருவர் காசையும் கலந்து வைப்போம்; தனித்தனியாகச் சீட்டில் கிரேடு எழுதுவோம்; பிறகு பிரிப்போம். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தங்கள் ஊர்ப் பழைய சென்ட்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் இன்று உலகமே வைத்திருக்கிறது. 60-ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. தமிழ்நாட்டில் பேச்சுக்கு விஎஃப் (நன்று), எக்ஸ்எஃப் (மிக நன்று), யூஎன்சி (புழங்காதது) போதும். என் காசை நான் அடையாளம் கண்டுகொண்ட சீட்டுகளிலெல்லாம் ஒரு படி ஏறியே இருந்தது. ஞாபகம் மங்கிப்போன, பீரோ அடியில் கிடந்த காசுகளுக்கு மட்டும் நானும் அவரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணை எழுதினோம். அவர் காசுகளுக்கு அவர் எழுதியதைப் பற்றி அவரே எழுதட்டும். பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் அமெரிக்காவில் கிரேடிங் நிறுவனங்களாகத் தொடங்கி, காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி கிரேடு கொடுக்கிறார்கள். அங்கேயும் ஒரே காசை ஒருவருக்கு மேல் பார்க்கிறார்கள். தேய்த்த காசு என்றால் அசல்தான் என்று சொல்லிவிட்டு எண் கொடுக்க மறுத்துவிடுவார்கள். அதற்கும் முறையீடு செய்து, திரும்ப அனுப்பி, ஒரு எண் கூடக் கிடைக்காதா என்று பார்க்கிற கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. எனக்கு அது ஒரு ஆறுதல்.

போன தீபாவளி சமயத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் 1911 ‘பன்றி ரூபாய்’ பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் உள்ள யானை, தும்பிக்கை குட்டையாகி, பார்வைக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-ல் யானை யானையானது. இந்தக் காசில் விளிம்போரம் பொன்மஞ்சள் இறங்கி, மீசை மயிர் எண்ணலாம் போல நின்றது. எனக்குக் கை பரபரத்தது. குறைந்தது யூஎன்சிக்கு ஒரு படி கீழே என்று மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. கூட வந்த நண்பர் முகத்தையே பார்க்கவில்லை. காசை நிமிர்த்தி விளிம்பை வெளிச்சத்தில் உருட்டினார். ரூபாயின் விளிம்பில் சுற்றிலும் நெருக்கமான வரிகள் உண்டு. கிரீடத்துக்கு நேர் மேலே, அரை நெல் அகலத்துக்கு அந்த வரிகள் அரத்தால் ராவி வழித்துவிட்டது போலிருந்தன. யாரோ மாலையில் கோக்கக் காது வைத்திருக்கிறார்கள். பிறகு யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

“அது ஒண்ணும் பெரிசா தெரியலியே” என்றேன்.

“ஒங்க ஷிப்ட்ல இந்த மாதிரி வந்தா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

ரிஜெக்ட்தான். கடைக்காரரிடம், காது வைத்த காசு, வெள்ளி விலைக்கு மேல் சொற்பம் போட்டுத் தருவதானால் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கிறது. டிஜிட்டல் தராசில் வைத்தார், 11.58 நின்றது. “பாயிண்ட் ஜீரோ எட்டு கொறையுது, அதையும் கழிச்சுக்கவா தம்பி?” என்று சிரித்தார். கழிக்கச் சொல்லித்தான் வாங்கினேன்.