ஒரு குடும்பப் பெயரும் ஒரு மறைபெயரும்

அங்கேரிய மொழியில் குடும்பப் பெயரே முன்னே நிற்கும். ஆளின் பெயர் பின்னால்தான் வரும். எஸ்தெர்ஹாசி என்னும் பெயரின் ஈற்றில் உள்ள இகரம் 'இன்ன இடத்தைச் சேர்ந்தவர்' எனப் பொருள்தரும் விகுதி. அதற்கு முன்னுள்ள 'ஹாஸ்' என்பதற்கு வீடு என்று பொருள். மனிதரை அறியுமுன்னரே அவருடைய வீட்டை அறிவித்துவிடும் பெயர் அது.

அவ்வீடு நெடுங்காலம் ஒளியோடு திகழ்ந்தது. இளவரசர் பால் எஸ்தெர்ஹாசியின் 'ஹார்மோனியா செலெஸ்திஸ்' என்னும் சமய இசைத்தொகுப்பு 1711இல் வெளிவந்தது. இசைமேதை ஹைடன் 1761இல் இக்குடும்பத்தின் பணியில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் இவர்களுக்காக இசையமைத்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலம் போயிற்று, பட்டமும் போயிற்று. 1951இல் இக்குடும்பத்தின் ஒரு கிளை புதாபெஸ்டிலிருந்து சிற்றூர் ஒன்றுக்கு வெளியேற்றப்பட்டது. முந்தைய ஆண்டு பிறந்திருந்த பேத்தர் அப்போது கைக்குழந்தை. எஞ்சியது பெயர் மட்டுமே.

அக்குழந்தை வளர்ந்து எழுத்தாளரானது. 2000இல் வெளிவந்த தம் பெருநாவலுக்கு பேத்தர் எஸ்தெர்ஹாசி மூதாதையின் இசைத்தொகுப்புப் பெயரையே இட்டார். அதன் முதற்பகுதியில் எந்நூற்றாண்டின் முன்னோரையும் 'எடெஷ்அபாம்' என்ற ஒரே சொல்லால் சுட்டினார். 'என் தந்தை' என்பது அதன் வழக்குப் பொருள்; சொல்லைப் பிரித்தால் 'என் இனிய தந்தை'.

நாவலை எழுதி முடித்த நிலையில், ஒற்றர்கள் தம்மைக் கண்காணித்தனரா என்று அறிய அவர் ஆவணக் காப்பகத்தை அணுகினார். அங்கே தரப்பட்ட கோப்புகளில் இருந்தது தந்தை மாத்யாஷின் கையெழுத்து. 1957 முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தந்தையே அரசின் ஒற்றராக அறிக்கைகள் எழுதியிருந்தார். அக்கோப்புகளில் அவர் எஸ்தெர்ஹாசி அல்லர், 'சனாடி'.

தந்தை 1998இலேயே இறந்துவிட்டார். மகன் நினைத்திருந்தால் மௌனம் காத்திருக்கலாம். மாறாக, 2002இல் 'திருத்திய பதிப்பு' என்னும் நூலை வெளியிட்டார். தந்தையின் வரிகள் அதில் சிவப்பு மையில் அச்சாயின. படிக்கையில் கண்ணீர் வந்த இடங்களையும் தன்னிரக்கம் எழுந்த இடங்களையும் அந்தந்தச் சொல்லின் முதலெழுத்தால் மட்டும் குறித்தார். துயரத்தை விரித்துரைக்க அவர் தமக்கு அளித்துக்கொண்ட இடம் ஓரெழுத்து.

தலைப்பு அவ்வாறிருப்பினும் முந்தைய நாவலை அவர் திருத்தவில்லை. 'என் தந்தை' என்னும் அதே சொல், இளவரசர் பாலையும் ஒற்றர் சனாடியையும் இனி ஒருசேரத் தாங்க வேண்டியதாயிற்று.