எஞ்சினை மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். எங்கள் மாருதி 800 காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. இழுவையும் குறைந்தது. 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன கார். "பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

அப்படிச் சுலபமாகப் போட முடியுமா? முட்டிவலிக்கார மாமியாரை மாதம் இருமுறை கடலூரிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் படி ஏற அவரால் முடியாது. கையில் இருந்ததோ சீட்டு எடுத்த 40,000 ரூபாய். அதுவும் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்தது.

உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த மாத்திரத்தில், "எஞ்சின் போச்சும்மா, வேற எஞ்சின் மாட்டிடலாம்" என்றார்கள். என் கணவர் தலையாட்டிவிட்டார். நான்தான், "இன்னொருத்தரையும் கேட்போங்க" என்றேன்.

சிதம்பரத்தில் ஒரு வயதான மெக்கானிக், "டெஸ்ட் எடுக்காம டாக்டர் ஆபரேஷன் பண்ணுவாராம்மா?" என்று சிரித்துக்கொண்டே மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். மீட்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தார். ஒன்றில் மட்டும் குறைவு. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். இப்போது அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது என்று அர்த்தமாம். எங்களுக்கு ஏறவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது!

ஹெட்டை மட்டும் கழற்றி, ஒரு வால்வை மாற்றி, மற்றவற்றைக் கிரைண்டிங் செய்து, புது ஸீல், கேஸ்கெட் போட்டார். 9,000 ரூபாயோடு முடிந்தது. ஃபீஸில் விழுந்த துண்டை என் வளையலை அடகு வைத்துச் சரிக்கட்டினோம்.

எல்லா எஞ்சினுக்கும் இது போதாது, சகோதரிகளே. பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, கிராங்க் ஷாஃப்ட் கெட்டிருந்தாலோ மாற்றுவதே லாபமாக இருக்கலாம். பழைய எஞ்சின் வாங்கினால் அதற்கும் இதே டெஸ்டைச் செய்யச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் இருப்பதால் ஆர்.டி.ஓ. அனுமதியும் தேவை. 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

செலவுக் கணக்கு எழுதும் நம் கையில்தான் அந்த எஸ்டிமேட்டும் வர வேண்டும். "டெஸ்ட்ல என்ன வந்தது?" என்று கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.