தகட்டின் ஓரத்தில் இருந்த படங்கள்



நம் வீட்டு பீரோக்களில் நிலப்பத்திரத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு டிவிடியும் இருக்கும். மகளின் நிக்காஹ், பெற்றோர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாள் என ஏதேனும் ஒன்று அதில் பதிவாகியிருக்கும். அதைக் கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தோம் என்றால் பலருக்கும் நினைவிராது. இப்போது வரும் மடிக்கணினிகளில் தகடு செருகும் இடமே இருப்பதில்லை. (படம் எடுப்பது குறித்து அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் இங்கே பேச வரவில்லை.)

மம்சாபுரத்தில் என் தங்கையின் நிக்காஹ் 2009-இல் நடந்தது. படம் எடுத்தவர் இரண்டு டிவிடிகள் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அத்தா வஃபாத்தானார்கள். பின்னொரு நாள் தங்கை துபாயிலிருந்து அழைத்து, "அண்ணே, வழியனுப்பும்போது அத்தா என் தலையில் கைவைத்து துஆச் செய்த படத்தை அனுப்புங்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்ததே இல்லை" என்றாள்.

முதல் தகட்டில் காலைப் படங்கள் ஒழுங்காகத் திறந்தன. மதியத்துக்குப் பிந்தியவை திக்கின. வழியனுப்பும் படங்களில் ஒன்று மேல்பாதியோடு நின்றது. கீழே வெறும் சாம்பல் நிறம்.

இதற்குக் காரணம் உண்டு. தகட்டில் பதிவு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்கிறது. நேர வரிசையில் பதிந்தால் நாளின் கடைசிப் படங்கள் ஓரத்தில் போய் அமரும். விரல்படுவதும் கீறல் விழுவதும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். 16 மடங்கு வேகத்தில் பதியும்போது அந்த முழு வேகம் எட்டப்படுவதும் அங்கேதான். பதிவு பிசகுவதும் அங்கேதான் அதிகம். இதற்கு மேல் நம் ஊர் வெயில்: தகட்டின் சாயப்படலம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் மெல்ல வெளிறிவிடும்.

மெல்லிய ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால், கீறல் விழும்போது அது பதிவின் தடத்தோடு ஓடி ஒரே இடத்தில் நிறைய அழித்துவிடும். பிறகு இராசபாளையத்தில் ஒரு நண்பரின் பழைய கணினியில் போட்டோம். ஒரு டிரைவ் படிக்க மறுப்பதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. பழுதான இடத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டோம். பெண்கள் இருக்கும் படங்கள் அமானிதம் என்பதால் முன்பின் தெரியாத கடையில் தகட்டை விட்டுவர மனம் வரவில்லை, நானே உடனிருந்தேன்.

பெரும்பாலானவை மீண்டன. அத்தாவின் அந்தப் படம் மட்டும் பாதியாகவே நின்றது. அவர்களுடைய தொப்பியும் முகமும் தெரிந்தன, தங்கை இல்லை.

இரண்டாம் தகட்டைத் திறந்தால் படக்கோப்புகளே இல்லை. பாட்டோடு படங்கள் ஓடும் வீடியோ மட்டும் இருந்தது. அதில் அந்தப் படம் முழுமையாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீடியோ டிவிடியின் அளவு 720-க்கு 576 புள்ளிகள்தான். அஞ்சலட்டை அளவுக்குமேல் அச்சிட்டால் கலங்கிவிடும். கல்யாண வீட்டார் வீடியோவோடு நிற்காமல், கேமராவில் எடுத்த மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது வீட்டில் நாங்களே பதிகிறோம். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபிதான், அதற்குள் அடக்குகிறோம். வேகத்தை 8 மடங்குக்குமேல் வைப்பதில்லை. முடிவில் பதிவை மூடிவிடுகிறோம். மூடாத தகட்டைப் பல கருவிகள் காலித் தகடாகவே பார்க்கும். "முடிந்தது" என்று திரையில் வருவதை நான் நம்புவதில்லை; சரிபார்க்கும் வசதியை இயக்கி, வேறொரு கணினியிலும் திறந்து பார்த்த பிறகே உறையில் இடுகிறேன். குறுந்தகட்டில் பதிவு மேற்புறத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், பால்பாயிண்ட் பேனாவால் அதன்மேல் எழுதக்கூடாது.

ஒரு பிரதி எங்கள் பீரோவில், ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில், ஒன்று ஹார்ட் டிஸ்கில். ரமளானுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களில் மூன்றையும் திறந்து பார்க்கிறோம். சென்ற ஆண்டு மாமா வீட்டுத் தகடு திக்கியது. அன்று மாலையே இன்னொன்று பதிந்து கொடுத்தோம்.