வேனுக்குள் இரண்டு இரவுகள்



மலையில் வண்டியை நிறுத்தி இரவு தங்குவது பணமும் நேரமும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் 2024 மார்ச் மாதம் வரை நான் நினைத்திருந்தேன். அந்த மாதம் நானும் என் கணவரும் எங்கள் பழைய வேனில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு வந்தோம். அதில் நடந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீடு கண்டி நகரை ஒட்டி இருக்கிறது. இவர் பல வருடங்களாகப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் சாரதி. 2020 இல் கொரோனா வந்து பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கியூ.ஆர். முறையில் கிடைத்த டீசலைக் கொண்டு தினமும் ஓட முடியவில்லை. அத்தோடு சேவையை நிறுத்திவிட்டார். விற்க மனமில்லாமல் அந்த டொல்பின் வேன் முற்றத்திலேயே நின்றது. பிள்ளைகள் இருவரும் மணம் முடித்துப் போய்விட்டார்கள்.

வெளிநாடுகளில் கணவனும் மனைவியும் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதை இவர் தொலைபேசியில் அடிக்கடி பார்ப்பார். பக்கத்துக் கேரளாவிலும் 2021 இல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாவுக்கு ஒரு திட்டம் அறிவித்தது. ஆனால் நம் மலைப் பாதைகளுக்கு இழுவை வண்டி சரிவராது. கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுப்பதும் பெரும்பாடு. அதனால் இவர் வேனின் பின் இருக்கைகளைக் கழற்றினார். பலகையில் ஒரு கட்டில் அடித்தார். அதன் கீழே தண்ணீர்க் கலன், சிறிய கேஸ் அடுப்பு, இரண்டு சட்டி வைக்க இடம் செய்தார். யன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தது மட்டும் நான்.

"ரெண்டு நாள் போய்ட்டு வருவோம்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ரங்கல பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எட்டுப் பேர் படுத்தோம். அடுப்பும் அதற்குள்தான். மழை வந்தால் இஸ்தோப்பில் படுப்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். "கால் நீட்டிப் படுக்க ஒரு வீடு கட்ட இருபத்தெட்டு வருசம் உழைச்சோம். இப்ப திரும்பவும் ஒரு பெட்டிக்குள்ள போய்ப் படுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நக்கிள்ஸ் பக்கம்தான் போறோம். ஒங்க அம்மா பார்த்த மலை" என்றார். அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் திகன, தெல்தெனிய தாண்டிப் போனோம். பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. 1985 இல் திறக்கப்பட்ட அந்த அணைக்கட்டு 122 மீற்றர் உயரமானது. ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பியதும் பாதை ஒடுங்கி மேலே ஏறியது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம்.

பொத்திய கையின் முட்டிகளைப் போலத் தெரிவதால் வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்கள மக்கள் தும்பறை மலைத்தொடர் என்பார்கள். இதன் மிக உயர்ந்த சிகரம் 1,900 மீற்றரைத் தாண்டுகிறது. 2000 ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலை வனம், ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வனத்துக்குள் தங்க வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் உள்ளே போகவில்லை. லூல்வத்தைக்குப் பக்கத்தில் ஒரு காணிக்காரரிடம் கேட்டு, அவர் வீட்டுக்கு அருகில் வேனை நிறுத்திக்கொண்டோம். அந்த வீட்டு அம்மா மலசலகூடத்தைக் காட்டி, "எந்த நேரமும் வாங்க" என்று சிங்களத்தில் சொன்னபோதுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதல் நாள் மாலை இவர் நாற்காலியைப் போட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் குனிந்து அரிசி கழுவினேன், வெங்காயம் அரிந்தேன், பருப்பு அவித்தேன், கருவாடு பொரித்தேன். சாப்பிட்ட பிறகு கொஞ்சத் தண்ணீரில் சட்டி கழுவினேன். குளிரில் விரல்கள் விறைத்துவிட்டன. அப்போதுதான், வீட்டில் செய்த வேலையையே இங்கே வசதி குறைவாகச் செய்கிறேன் என்பது உறைத்தது.

"உங்களுக்குச் சுற்றுலா. எனக்கு அடுப்படிதான் இடம் மாறியிருக்கு" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அழுகை வந்துவிட்டது.

இவர் பதில் சொல்லவில்லை. இரவு முழுக்க இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தோம். பெட்டி மாதிரி வேனில் கோபித்துக்கொண்டு போக வேறு அறையும் கிடையாது.

விடியற்காலை நான்கரைக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. எழும்பப் போனவளை இவர், "படு, நான் பாக்குறேன்" என்று தடுத்தார். வெளியே அடுப்புச் சத்தம் கேட்டது. தீப்பெட்டி எங்கே, சீனி எங்கே என்று ஐந்து தடவை கேட்டார். ஒரு தடவையும் நான் எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் மாவாக வந்தது. சம்பலில் உப்பு அதிகம். ஆனால் சாயத்தண்ணி நன்றாக இருந்தது.

அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். பனி மெல்ல விலகி, முதலில் ஒரு முட்டி, பிறகு அடுத்தது என்று மலை தெரிந்தது. அம்மாவின் நினைவு வந்தது. அம்மா நான்கு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பிரட்டுக்கு ஓடுவார். அந்த மலைக்கு முன்னால்தான் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தார். ஒரு நாளாவது உட்கார்ந்து அதைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த அழகு, அம்மாவுக்கு ஏறி இறங்கும் சரிவு மட்டும்தான்.

அன்று பகல் டீன்ஸ்டன் வழியாகக் கோர்பட்ஸ் கேப் வரை போனோம். ஆளைத் தள்ளும் காற்று. கீழே மீமுரே கிராமத்துப் பள்ளத்தாக்கும், கூரான லக்கேகல மலையும் தெரிந்தன. அங்கே நின்றபோது இவர், "நான் கூட்டிட்டு வந்தாப் போதும்னு நெனச்சேன். நீ சொன்னது சரிதான்" என்றார். முப்பது வருட வாழ்க்கையில் இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

இரண்டாவது இரவு இவர் பருப்பு அவிக்க, நான் சோறு வடித்தேன். அதே பலகைக் கட்டிலில் படுத்தோம். இடம் முதல்நாள் இருந்த அளவுதான், ஆனால் எனக்கு நெருக்கடியாகத் தெரியவில்லை. லயக் காம்பராவில் நாங்கள் விரும்பி இருக்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் இருந்தோம். இங்கே நான் விரும்பினால் விடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். அம்மாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். யார் சமைப்பது, யார் கழுவுவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். மலசலகூடம் எங்கே என்று கேட்காமல் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். கேஸ் அடுப்பை மூடிய வண்டிக்குள் பற்றவைக்க வேண்டாம். அந்தப் புகையும் நச்சு வாயுவும் உயிரைப் பறிக்கும். தூங்கும்போது யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். மானாப் புல் காய்ந்திருக்கும் காலத்தில் ஒரு தீக்குச்சிகூட மலையை எரித்துவிடும். அட்டைக்கடிக்குச் சவர்க்காரமும் உப்பும் கொண்டு போங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல குடும்பங்களையே கொண்டுபோயின. மழைக்காலத்தில் இந்தப் பயணம் வேண்டவே வேண்டாம். மற்றக் காலத்திலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, பாதை நிலவரத்தை விசாரித்த பிறகே புறப்படுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாயத்தண்ணி இவருடைய பொறுப்பு. ரொட்டி இன்னும் கருகத்தான் செய்கிறது. நான் எழும்பிப் போய்த் திருத்துவதில்லை.