முத்தா பள்ளத்தாக்கின் ஒற்றையடிப் பாதைகள்

ஜூன் 22, ஞாயிறு

இன்று ஹடப்சர் சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. பண்டரிபுர யாத்திரைக்காகப் புனேவிலிருந்து கிளம்பிய இரண்டு பல்லக்குகளும் ஹடப்சர் வரை ஒன்றாக வந்து இங்கேதான் பிரிகின்றன. துக்காராம் பல்லக்கு சோலாப்பூர் சாலையில் லோணி காள்போருக்கு. ஞானேஸ்வரர் பல்லக்கு திவே மலைச்சாலை ஏறி சாஸ்வடுக்கு. தலையில் துளசி மாடம் சுமந்து நடக்கும் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நாங்கள் குடியிருக்கும் மகர்பட்டாவுக்குத் திரும்பும்போது நல்ல தூறல்.

திவே சாலைக்கு மேலே கானிஃப்நாத் கோயில் இருக்கும் மலை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மலைச் சைக்கிள் பழகுவது அந்த மலைப் பாதைகளில்தான். இந்த வருடம் (2025) மே 26-ஆம் தேதியே பருவமழை புனேவுக்கு வந்துவிட்டது. கோடை முடியும் முன்பே பாதைகள் குழைந்துவிட்டன. "மலைக்கு எப்போ சார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மழை ஓயட்டும், மண் காயட்டும் என்றேன். ஈரத்தில் வழுக்கி விழுவோம் என்று பயந்து சொல்வதாக நினைக்கிறார்கள். விழுந்தால் எழுந்துகொள்ளலாம், நான் கவலைப்படுவது பாதையைப் பற்றி.

ஜூலை 12, சனி

1961-இல் இதே தேதியில்தான் பான்ஷெத் அணை உடைந்தது. வேலை முழுதாக முடியாத மண் அணை. முதல் மழைக்காலத்து நீரையே அது தாங்கவில்லை. அந்த வெள்ளம் கீழே கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு நகரத்துக்குள் புகுந்தது. அடுத்த பிளாக்கில் இருக்கும் பெரியவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். நதியோரப் பேட்டைகளில் வீடுகள் உட்கார்ந்து போனதை இன்றைக்கும் தணிந்த குரலில்தான் சொல்கிறார்.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பி ஆற்றில் பான்ஷெத், மோசே ஆற்றில் வரஸ்காவ், முத்தாவில் தேம்கர், மூன்றுக்கும் கீழே கடக்வாஸ்லா. புனே குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த நான்கு அணைகளின் தண்ணீர். கடக்வாஸ்லாவின் வலதுகரைக் கால்வாய் ஹடப்சர் வழியாகத்தான் போகிறது. மகர்பட்டாவே ஒரு காலத்தில் கரும்புக் காடு. நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, அவரவர் நிலத்துக்கு ஏற்ற பங்கோடு இந்த நகரத்தை எழுப்பினார்கள்.

நாங்கள் சைக்கிளோடு ஏறி இறங்கும் காடுகள் இந்த அணைகளைச் சுற்றியுள்ள சரிவுகளில் இருக்கின்றன. அங்கே சக்கரம் கிளறிவிடும் மண் எங்கே போகும்? அடுத்த மழையில் ஓடைக்கு, ஓடையிலிருந்து அணைக்கு. பண்ணை வீட்டு மனைகளுக்காக மலையையே வெட்டுகிறார்கள், அதன் முன்னால் நம் டயர் கிளறுவது எம்மாத்திரம் என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான், எங்கள் பங்கு சின்னது. சின்னதாக இருப்பதால்தான் அதை நாங்களே சரிசெய்ய முடியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டிருந்தது. சைக்கிள் இல்லாமல் பான்ஷெத் பக்கம் போய் நடந்தே பாதையைப் பார்த்தேன். மேட்டிலிருந்து ஏரி நோக்கி நேர்க்கோடாக இறங்கும் பகுதி இருக்கிறதே, வேகத்துக்காக எல்லோரும் விரும்புவது, அது இப்போது பாதையே இல்லை. நடுவில் முழங்கால் ஆழத்துக்கு அரித்துப்போய், அடியில் கருங்கல் பாறை தெரிகிறது. இரண்டு பக்கமும் புல்லின் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. பள்ளத்தைத் தவிர்க்க ஆட்கள் ஓரத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அங்கே இன்னொரு பள்ளம் பிறந்துவிட்டது.

எருமைகளை ஓட்டிவந்த பெரியவர் நின்று பார்த்தார். தன்கர் என்னும் மேய்ச்சல் சமூகத்தைச் சேர்ந்தவர். பேச்சில் அவரை மாமா என்றே அழைத்தேன், இங்கேயும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

"எங்க பாதை அதோ, அங்க போகுது பாருங்க தம்பி," என்று கையை நீட்டினார். சரிவைக் குறுக்காகச் சுற்றிக்கொண்டு, ஏறுவது தெரியாமல் ஏறும் ஒரு பழைய தடம். "மாடு எப்பவும் நேரா இறங்காது. மனுசன்தான் இறங்குவான்."

உலகெங்கும் சைக்கிள் பாதை அமைப்பவர்கள் பின்பற்றும் விதி இதேதான். பாதையின் சாய்வு, அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையிலேயே இறங்கி ஓடும்; பாதை வாய்க்காலாகும். பாதையின் மேற்பரப்பைப் பள்ளத்துப் பக்கமாக லேசாகச் சாய்த்து வெட்டுவார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறக்கத்தை முறித்துச் சிறிய ஏற்றம் வைப்பார்கள். சக்கரத்துக்கு அது ஒரு குலுங்கல், தண்ணீருக்கு வெளியேறும் வாசல்.

மாமாவின் பாதை ஒரு தேவ்ராயின் ஓரமாகப் போகிறது. நம்மூர்க் கோயில் காடு மாதிரி, சாமிக்கு விட்ட காடு. உள்ளே கத்தி எடுத்துப் போக மாட்டார்கள். அங்கிருந்து வரும் ஓடையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. எங்கள் நேர்ப்பாதையின் கீழே இருந்த ஓடை டீ நிறம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கானிஃப்நாத் மலை. மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்தேன், உருண்டையாக நிற்கிறது. இன்னும் நாள் ஆகும். திரும்பிவிட்டோம்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று பிடித்த மண் விரலிடுக்கில் உதிர்ந்தது. ஓட்டினோம்.

பான்ஷெத் பக்கம், மாமா காட்டிய தடத்தில்தான், அவரிடம் கேட்டுக்கொண்டு. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் முரம்பு மண்ணைச் சக்கரம் கவ்விப் பிடிக்கிறது. சேணத்திலிருந்து எழுந்து, முழங்கையை வளைத்து, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் திருப்பத்துக்கு அப்பால் வைக்க வேண்டும். உடம்பு தானாகப் பின்னால் வரும். இருபுறமும் கார்விச் செடிகள் கைப்பிடியில் உரசுகின்றன. நம் குறிஞ்சியின் இனம். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. அதன் தண்டுகளை நிறுத்தி மண் பூசித்தான் இங்கே குடிசைச் சுவர் வைப்பார்கள். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி ஏரி முழுவதும் தெரிந்தது. எல்லோரும் பேச்சில்லாமல் நின்றோம். இந்த ஒரு நொடிக்காகத்தானே நகரத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வருகிறோம்.

எதிரே விறகுச் சுமையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் இறங்கி, சைக்கிளைச் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுக்கி வழிவிட்டோம். எங்கள் குழுவில் இது கட்டாயம், அதற்கு ஒரு பழைய கதை உண்டு. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் மலையிலிருந்து பாய்ந்து இறங்கியதிலிருந்துதான் இந்த விளையாட்டே வளர்ந்தது. பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகைந்து போகுமாம். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும். அதே மரினில்தான் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சண்டை முற்றி, ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. 1988-இல் கலிஃபோர்னியா கிளப்புகள் சேர்ந்து சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கியது இப்படிப்பட்ட தடைகளால்தான். பாதையைப் பராமரிப்பவனுக்கே பாதையில் உரிமை உண்டு என்பதை அவர்கள் மண்வெட்டி பிடித்துக் காட்டினார்கள்.

1996 அட்லாண்டா முதல் இது ஒலிம்பிக் விளையாட்டு. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி கேரளாவின் பொன்முடியில், இதே மேற்குத்தொடர்ச்சி மலைக்குள்ளேயே நடந்தது. இன்னும் நிறையப் பிள்ளைகள் மலைக்கு வருவார்கள். வரட்டும். மழைக்காலத்தில் எந்தப் பாதை மூடியிருக்கும் என்று ஒரு பலகையாவது இந்த மலைகளில் இப்போதே வைத்தாக வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

சோலாப்பூர் சாலையில் கவடிபாட் வரை. புனே நகரத்தைக் கடந்து, முண்ட்வா வழியாக மகர்பட்டாவுக்கு வடக்கே ஓடும் முளா-முத்தாதான் இங்கே பழைய தடுப்பின் மேல் வழிகிறது. இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் ஒரு கூட்டம். தடுப்புக்குக் கீழே வெள்ளை நுரை. கரையோரக் கருவேலங்கிளைகளில் மழை வெள்ளம் விட்டுப்போன பிளாஸ்டிக் பைகள். மேலே தேவ்ராய் ஓடையில் அள்ளிக் குடிக்கலாம் போலிருந்த தண்ணீர் இது! அந்தத் தெளிவை நினைத்துக்கொண்டு இங்கே நிற்பது கஷ்டமாக இருந்தது.

மாலையில் பான்ஷெத் பக்கத்துக் கிராமப் பஞ்சாயத்திலிருந்து ஃபோன். நாங்கள் கேட்டபடி நேர்ப்பாதையை மூடச் சம்மதம். வனத்துறை எல்லைக்குள் வரும் மேல்பகுதியைத் தொடமாட்டோம். அதற்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம். கீழ்ப்பகுதியில் பள்ளத்துக்குக் குறுக்கே படிப்படியாகக் கல் அடுக்கி, பின்னால் மண் சேரவிட்டு, தலைப்பில் முள் போட வேண்டும். மாமாவும் ஊர் ஆட்களும் வருகிறார்கள், கூலி பேசியாயிற்று. கடப்பாரை இரண்டு, மண்வெட்டி ஆறு, கல் சுமக்கச் சாக்கு. வரும் ஞாயிறு யாரும் சைக்கிள் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.