எட்டா, பதினாறா?

எல்லாம் முடிவாகிவிட்டது. கடை ரிச்சி தெருவில், மாடல் மகள் பார்த்தது, பணம் என்னுடையது. பாக்கி இருந்தது ஒரே கேள்விதான். 2026 ஜனவரி பூராவும் எங்கள் அம்பத்தூர் வீட்டில் அந்தப் பேச்சுதான். புதுக் கம்ப்யூட்டருக்கு மெமரி எட்டு ஜி.பி. போதுமா, பதினாறு வேண்டுமா?

ஆவடியிலிருந்து வந்த பெரிய மச்சான், "எட்டே ஜாஸ்தி மாப்ளே! நான் நாலுல ஓட்டறேன்" என்றார். வாஸ்தவம். பட்டனை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போவார்; தலை துவட்டிக்கொண்டு வரும்போது திரை விழித்திருக்கும். பூந்தமல்லி சகலையோ, "முப்பத்திரண்டா போட்டுடுங்க, காசா முக்கியம்?" என்றார். காசு அவருடையதில்லையே, சார்!

வீட்டுக்காரி கேட்டதுதான் நியாயமான கேள்வி. "அதுலதான் ஐந்நூறு ஜி.பி. இருக்குன்னாங்களே. இன்னும் எதுக்குங்க?"

ஐந்நூறு என்பது பரண். நான் சொல்வது அடுப்படி மேடை. காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் மேடையில்தான். அதில் இடம் போதாவிட்டால் இருப்பதைப் பரணில் ஏற்றி, தேவைப்படும்போது ஏணி போட்டு இறக்க வேண்டும். மெமரி பற்றாத கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. 'ஸ்லோ' என்று நாம் திட்டும் நேரத்தில் பாவம், பாதி நேரம் அது ஏணியில் நிற்கிறது. இன்னொன்று... கரண்ட் போனால் பரணில் இருப்பது பத்திரம். மேடையில் இருந்தது மாயம். அதனால் யு.பி.எஸ்.ஸும் வேண்டும். பட்ஜெட்டோ இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் கொடுத்தது.

இந்தப் பட்டிமன்றம் புதிதில்லை. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது குறைந்தபட்சம் 4 எம்.பி. கேட்டது, 'எட்டாவது இருந்தால்தான் சௌகரியம்' என்றார்கள். இன்றைய விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்சம் 4 ஜி.பி. அதாவது 1024 மடங்கு! நம் சம்பளம் அந்த வேகத்தில் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

அன்று ஒரு ஆறுதல் இருந்தது. பொறுத்தால் விலை இறங்கும். 1996-லேயே மெமரி விலை மளமளவென்று சரிந்தது. 2025 கடைசியில் கதை தலைகீழ். ஏ.ஐ.க்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் மெமரியை லோடு லோடாக விழுங்க, சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பெரிய கம்பெனிகளும் பெரிய வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரானோ, 'க்ரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு நடத்திவந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அந்த இனக் கட்டடத்தைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. லேத்தும் பிரஸ்ஸுமாக இருந்த எங்கள் அம்பத்தூரிலேயே 2023-ல் என்.டி.டி. கம்பெனி ஒரு டேட்டா சென்டர் திறந்தது. பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தால் தெருவில் பால் கிடைக்காதே, அந்த மாதிரி!

"அப்புறம் போட்டுக்கலாமே" என்று இழுத்தேன்.

மகள் வாதாடவில்லை. காலேஜ் லேபில், தான் வழக்கமாகத் திறக்கும் டிராயிங், பிரவுசர், பாட வீடியோ எல்லாவற்றையும் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி கணக்கைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாள். பதினொன்று சொச்சம். "எட்டுல எப்படிப்பா அடங்கும்?"

மச்சானும் சகலையும் தங்கள் கணக்கைச் சொன்னார்கள். இவள் தன் கணக்கைச் சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம். யு.பி.எஸ். எப்போது வாங்கினாலும் கிடைக்கும். மெமரி அடுத்த மாதம் என்ன விலை விற்குமோ!

மின்சார ரயிலேறிப் போனோம். கடைக்காரர், "இரண்டு எட்டாப் போட்டா கொஞ்சம் வேகம் கூடும் சார்" என்றார். போர்டில் மொத்தமே இரண்டு ஸ்லாட். ஒரே பதினாறாகப் போடச் சொல்லி, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விட்டோம். (லேப்டாப் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே கேளுங்கள். சிலவற்றில் மெமரியைப் பற்றவைத்தே விடுகிறார்கள். பிறகு பிரம்மனே வந்தாலும் கூட்ட முடியாது.)

யு.பி.எஸ். தீபாவளி போனஸுக்கு. அதுவரை டியூப்லைட் லேசாகக் கண் சிமிட்டினாலே அடுப்படியிலிருந்து குரல் வருகிறது:

"ஏண்டி, கன்ட்ரோல்-எஸ் அமுக்கினியா?"