கடுஞ்சொல்லும் கனிவும்: தணிகையிலிருந்து கதிர்காமம் வரை

பயணம் போய் வந்தவர்கள் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் இருவகை மனிதர்களே மிஞ்சுகிறார்கள். ஒருவர், வழிகாட்டி உதவிய புண்ணியவான். மற்றவர், முகத்தில் அடித்தாற்போல் பேசிய மூர்க்கர். பார்த்த கோபுரங்களும் கடற்கரைகளும் சில மாதங்களில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இவர்கள் இருவரும் மட்டும் கலப்பதில்லை. ஆனால் இவ்விருவரும் எப்போதும் வெவ்வேறு ஆட்களாகத்தான் இருக்க வேண்டுமா என்ற ஐயம் எங்களுக்கு இலங்கையில் எழுந்தது.

நாங்கள் ஐவர், மணவூர்க்காரர்கள். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருவாலங்காட்டை அடுத்த சிறு நிலையம் எங்களுடையது. எங்களுக்குத் திருத்தணி பக்கத்து வீடு போல. அருணகிரிநாதர் தணிகையையும் பாடினார், கடல் கடந்த கதிர்காமத்தையும் பாடினார். முருகன் வள்ளியை மணந்தது தணிகையில் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வள்ளி தங்கள் குலத்துப் பெண் என்பது இலங்கை வேடர்களின் நம்பிக்கை. மாப்பிள்ளை ஊரிலேயே இருந்தால் போதுமா, பெண் வீட்டையும் பார்த்து வர வேண்டாமா என்று எங்களுள் ஒருவர் விளையாட்டாகச் சொன்னது, 2024 மே மாதத்தில் மெய்யாகவே ஒரு பயணமாயிற்று. அவ்வாண்டு வெசாக் பௌர்ணமி மே 23. அதற்கு முந்தைய நாள் கதிர்காமம் சேர்வதாகத் திட்டம்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கடலோரமாகவே மாத்தறை வரை ரயில், அங்கிருந்து பேருந்து. நிலையப் பலகைகள் மூன்று மொழிகளில் இருந்தன. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்த நாடு அது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் வழியாகத் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. பலகைகள் எங்களோடு தமிழ் பேசின, பயணிகள் பேசவில்லை. ரயிலில் ஒருவர் எங்கள் நண்பரின் பையை இருக்கையிலிருந்து தரையில் தள்ளிவிட்டு, ஏதோ முணுமுணுத்தபடி அமர்ந்துகொண்டார். அதற்கு உள்ளர்த்தம் எதையும் நாங்கள் தேடவில்லை. சில முரட்டுத்தனங்கள் வெறும் முரட்டுத்தனங்களே.

மாத்தறைப் பேருந்தின் நடத்துநர் வேறு விதம். ஏறிய கணத்திலிருந்து எங்களைப் பார்த்துச் சத்தமிட்டுக்கொண்டே இருந்தார். பைகளைச் சுட்டிக்காட்டினார், எங்களைச் சுட்டிக்காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். திஸ்ஸமகாராமையில் தண்ணீர் வாங்க இறங்கிய நண்பர் திரும்புவதற்குள் வண்டி நகரத் தொடங்கியது; ஓட்டுநரை நிறுத்தச் சொன்னவரும் அவரே, மூச்சிரைக்க ஏறிய நண்பரை ஊரே கேட்கும்படி ஏசியவரும் அவரே. நண்பரின் முகம் சிவந்துவிட்டது.

கதிர்காமத்தில் நாங்கள் அறை பேசியிருந்த விடுதியில் நிலைமை நேர்மாறு. வரவேற்பில் இருந்த இளைஞர் அழகான ஆங்கிலத்தில் ‘சார்’ என்று விளித்தார், குளிர்ந்த பானம் கொடுத்தார், சற்றே காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அதே புன்னகையோடு வந்து, அறைகள் நிரம்பிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். எங்களுக்குப் பின் வந்த ஒரு குழு, கூடுதல் வாடகைக்கு இசைந்து, எங்கள் கண்முன்னாலேயே மாடியேறிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன சொல் எதிலும் குற்றம் காண இயலாது.

இரவு ஒன்பது மணியளவில் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் பைகளோடு நின்றோம். வேலை முடிந்து அங்கு வந்த நடத்துநர் எங்களைக் கண்டார். மறுபடியும் தொடங்கிவிட்டார்! கடைக்காரர் மலையகத் தமிழர், சிரித்துவிட்டார்.

“அவரு திட்டலைங்க தம்பி. திருவிழாக் கூட்டத்துல பை களவு போகும், கால்ல இடுக்கி வச்சுக்குங்கன்னு அப்பவே சொன்னாராம். நீங்க கேக்கலையாம். இப்ப ஏன் நடுரோட்டுல நிக்கிறீங்கன்னு கேக்குறாரு.”

விவரம் அறிந்ததும் நடத்துநர் எங்கள் கனமான பையொன்றைத் தம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். யாத்திரிகர் மடம் ஒன்றின் கதவைத் தட்டி, அங்கிருந்தவரிடமும் உரத்த குரலிலேயே வாதாடி, கூடத்தில் ஐந்து பாய்களுக்கு இடம் பெற்றுத் தந்தார். பணம் நீட்டியபோது மெய்யாகவே கோபித்துக்கொண்டார். போகும்போது எங்களுள் மூத்தவரை ‘அய்யா’ என்றும் இளையவரை ‘மல்லி’ என்றும் அழைத்து விடைபெற்றார். ‘அய்யா’ என்றதை நாங்கள் மரியாதைச் சொல்லாகவே கொண்டோம். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், மல்லி என்றால் தம்பி என்பதைக் கடைக்காரர் மறுநாள் விளக்கினார். அக்கா அங்கும் அக்காதான்.

விடிந்ததும் மாணிக்க கங்கையில் நீராடிவிட்டுச் சந்நிதிக்குச் சென்றோம். பழத்தட்டேந்திய சிங்களக் குடும்பங்களோடு வரிசையில் நின்றோம். திருவுருவம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தேவியர் இருவரோடு முருகனைத் தீட்டிய திரைச்சீலையே தரிசனம். பூசை செய்யும் கப்புராளை வாயை வெண்துணியால் கட்டியிருக்கிறார். தணிகையில் மந்திரமும் அரோகராவும் கேட்டுப் பழகிய எங்களுக்கு அந்த மௌனம் முதலில் விலக்கம் போலத் தோன்றியது. பிறகு அவர் கைகளைக் கவனிக்கத் தொடங்கினோம். தட்டை வாங்குவதிலும் திருப்பித் தருவதிலும் அவ்வளவு பதமிருந்தது.

அன்று மாலை திஸ்ஸமகாராமை நோக்கி வாடகை வண்டியில் திரும்புகையில், இளைஞர் கூட்டமொன்று கொடிகளை வீசி, சாலையின் குறுக்கே பாய்ந்து எங்களை மறித்தது. இதென்ன வம்பு என்று உள்ளே நடுக்கம். அது ‘தன்சல்’. வெசாக் நாள்களில் வழிப்போக்கர் எவராயினும் நிறுத்தி இலவசமாக உணவளிக்கும் பந்தல். இனம், மதம், நாடு எதையும் கேட்பதில்லை. எங்களை ஏறக்குறைய இழுத்துச்சென்று அமர்த்தி, சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் பரிமாறினார்கள். போதும் என்று கையை மறைத்தால் அந்தக் கையை விலக்கிவிட்டுப் பரிமாறினார்கள்.

வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும் இனியவை கூறலைப் பத்தாம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். அடுத்தடுத்த அதிகாரங்கள்தாம், எனினும் இரண்டு. சொந்த ஊரில் மொழி தெரிந்திருப்பதால் இவ்விரண்டையும் நாம் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். இன்சொல் கேட்டால் நல்லவர் என்று கொள்கிறோம். மொழி தெரியாத நாட்டில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. சொல் விழுந்துபோய்ச் செயல் மட்டும் எஞ்சுகிறது. எங்களை நடுத்தெருவில் நிறுத்தியது ஓர் இன்சொல்; கூரைக்குக் கீழ் சேர்த்தது ஒரு கடுஞ்சொல். இன்சொல் வேண்டாம் என்பதன்று. இரண்டும் சேர்ந்து கிடைத்தால் பேறு. கிடைக்காதபோது எதைக் கணக்கில் எழுதுவது என்பதே கேள்வி.

ஊர் திரும்பிய பின் அக்கேள்வி எங்களை விடவில்லை. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணி அதனோடு போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நிலம் யாருடையது என்பது அன்றோடு தீர்ந்தது. மலையேறி வருகிறவர் யாருடைய விருந்தினர் என்பது ஒவ்வோர் ஆடிக் கிருத்திகையிலும் புதிதாகத் தீர்க்கப்பட வேண்டியிருக்கிறது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து பூக்காவடி சுமந்து வரும் தெலுங்குக் குடும்பத்தைத் தேன்போன்ற தெலுங்கில் ‘ரண்டி, ரண்டி’ என்று வரவேற்று, அறைக்கு இருமடங்கு வாடகை கேட்பவர்கள் இங்கும் உண்டு. மாத்தறை நடத்துநரின் உடன்பிறப்புகளும் இங்கு உண்டு.

அவர்களுள் ஒருவரை அவ்வாண்டு ஆடிக் கிருத்திகையில் கண்டோம். மலையடிவாரத்து மோர்ப்பந்தலொன்றில், தெலுங்கில் ஒரு சொல்லும் அறியாத முதியவர், வெறுங்காலோடு வெயிலில் வந்த ஒரு மூதாட்டியை, “இந்த நேரத்துல நடக்கலாமா? அறிவிருக்கா உனக்கு? உக்காரு முதல்ல” என்று அதட்டிக்கொண்டிருந்தார். கை அதற்குள் அவர் காலடியில் ஈரச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தது. முருகனின் சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். முதியவரின் குரல் சற்றும் தணியவில்லை. மூதாட்டி சிரித்தபடி மோரை வாங்கிக்கொண்டார்.